கொபுஷி மரத்தடியில் எது வளரும்

கொபுஷியும் மக்னோலியாதான், அந்த மரத்தின் வேருக்கு ரோஷம் அதிகம், ஐயா. ஆழமாகப் போகாமல் மண்ணுக்கு மேலாகவே ஓடும், சதைப்பற்றாக இருக்கும், மண்வெட்டி பட்டால் அழுகிவிடும். அதனடியில் நடுகிற செடி ஒரு கை ஆழத்தில் திருப்திப்பட வேண்டும், நிழலைப் பொறுக்க வேண்டும், மரத்தோடு தண்ணீருக்குச் சண்டை போடக் கூடாது. நல்ல மருமகளைத் தேடுவது போலத்தான். நீங்கள் சப்போரோவில் அடுக்குமாடியில் வளர்ந்தவர் என்று கேள்விப்பட்டேன், அதனால் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு குதோ ஷிசுயோவுக்கும் இதைத்தான் சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன் வேலி ஓரம் வந்து நின்று கேட்டாள்.

"கினுவே-சான், நம்ம கொபுஷிக்கு அடியில வெறும் மண்ணாக் கெடக்குதே, என்ன நடலாம்?"

நம்ம கொபுஷி என்றாள். அவள் தோட்டத்து மரம். நட்டவர் என் கணவர் ஹதாகேயாமா கென்சாகு.

இருபது வருடத்துக்கு முந்தைய கதை. எங்கள் வீட்டில் கள்ளிச்செடியைக்கூடச் சாகடித்தவர் கென்சாகு. அப்படிப்பட்டவர் ஒரு மே மாதம் மலையிலிருந்து விரல் கனத்தில் ஒரு கன்றைக் கொண்டுவந்து, சொந்தத் தோட்டத்தை விட்டுவிட்டு, விதவையான ஷிசுயோவின் தோட்டத்தில் நட்டார். கேட்டால், நம் பக்கம் மண் ஆழமில்லை என்றார். அன்று இருவரும் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்ததை நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திரும்பித் திரும்பி என் ஜன்னலைப் பார்த்தார்கள். சிரித்தார்கள். நான் தலையை நீட்டியதும் வாயை மூடிக்கொண்டார்கள். பெண்டாட்டி கவனிக்கிறாளா என்று பார்க்காமல் வேறெதற்கு ஒருவர் அந்த ஜன்னலைப் பார்ப்பார்?

பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் மரத்தைப் பார்க்கப் போவார். அவருடைய கையுறை அவள் வீட்டுச் செருப்பு அலமாரியில் இருந்தது, நானே பார்த்தேன். ஒன்பது வருடம் இப்படி. அதற்குள் அவர் போய்விட்டார். மரம் அதுவரை ஒரு பூக்கூடப் பூக்கவில்லை. கொபுஷி அப்படித்தான், பன்னிரண்டு வருடம்கூட எடுத்துக்கொள்ளும்.

முதல் முறை பூத்தபோது ஷிசுயோ ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். "கினுவே-சான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க" என்று மூன்று தரம் கூப்பிட்டாள். நான் கதவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றேன். என்ன சொல்ல வந்திருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? கிளையை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. குற்றமில்லாதவள் என்றால் நாலாவது தரம் கூப்பிட்டிருப்பாள்.

ஆக, மரத்தடிக்கு மலைப்பூண்டு நடச் சொன்னேன். அவளுக்கு அதன் இலை என்றால் உயிர். கொபுஷி பூக்கும் வாரத்தில் துளிர்விடும். பறித்து வதக்கி, சோயாவில் ஊறவைத்து, தெருவுக்கே கொடுப்பாள். நன்றாகத்தான் வளர்ந்தது. நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தது.

போன இலையுதிர்காலத்தில் அந்த இடைவெளிகளை நானே நிரப்பிக் கொடுத்தேன். அவளுக்கு முட்டிவலி. சின்னக் கரண்டியால், வேர் எதையும் நோகடிக்காமல். என்ன நட்டீர்கள் என்று கேட்டாள். அதேதான் என்றேன்.

அது சுசுரான். வெள்ளை மணி மணியாகப் பூக்குமே, அது. மரத்தடிக்கு அதைவிடப் பொருத்தமான செடி கிடையாது. எந்தத் தோட்டக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள். மணி பூக்கும் வரை மலைப்பூண்டின் இலைக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம். மணி பூப்பதோ பறிக்கும் காலம் முடிந்த பிறகு. இலையைக் கசக்கி முகர்ந்தால் தெரிந்துவிடும். ஒன்றில் பூண்டு வாடை, மற்றதில் ஒன்றுமில்லை. ஆனால் ஷிசுயோவுக்கு அதற்கு முந்தைய குளிர்கால ஜுரத்தில் மூக்கு செத்துவிட்டது. அடுப்பில் மிசோ தீய்ந்தாலும் தெரியாது அவளுக்கு. தெருவில் எல்லோருக்கும் இந்தச் சேதி தெரியும். நான்தான் சொன்னேன்.

தெருச்சங்கத்தின் சுற்றறிக்கைப் பலகையைப் பற்றிக் கேட்டீர்கள். வீடு வீடாகப் போகும். படித்துவிட்டு அவரவர் பெயர் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். எனக்கு அடுத்த வீடு ஷிசுயோ. ஏப்ரல் கடைசியில் சுகாதார அலுவலகத்தின் எச்சரிக்கை அதில் வந்தது, தின்பது இது, விஷம் இது என்று இரண்டு இலைகளின் படத்தோடு. வருஷா வருஷம் யாராவது ஏமாறுகிறார்கள், பாவம். நான் படித்தேன், என் முத்திரையைக் குத்தினேன். பிறகு குதோ என்ற முத்திரையையும் குத்தி, நேராக மூன்றாம் வீட்டில் கொடுத்துவிட்டேன். குதோ எங்கள் ஊரில் சர்வசாதாரணமான பெயர். காகிதக் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும். அவளுடைய முத்திரையில் ஓரம் உடைந்திருக்கும், பலகையில் இருப்பது முழு வட்டம் என்று கவனித்தீர்களே, கெட்டிக்காரர்தான். எனக்கு அது தோன்றவில்லை.

அவள் பறித்த அன்று காலை பத்து மணி இருக்கும். மரம் முழுக்க வெள்ளை. நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"கினுவே-சான், உங்களுக்கும் ஒரு கட்டு எடுத்து வச்சிருக்கேன், வேணுமா?"

"வேணாங்க, காலையிலேர்ந்து வயிறு சரியில்ல."

"ஊர்ச் சேதி எல்லாத்தையும் முழுங்கினா வயிறு எப்படிங்க சரியா இருக்கும்?"

இருவரும் சிரித்தோம். நல்ல வாய் அவளுக்கு. கையை ஆட்டிவிட்டுக் கூடையோடு உள்ளே போனாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தேநீர் போட்டேன். மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்தது. அழைத்தது நான் இல்லை, எதிர்வீட்டுக்காரர். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவள் இதயம் நின்றுவிட்டது.

ஆமாம், ஐயா. தெரிந்துதான் நட்டேன். தெரிந்துதான் குத்தினேன். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று அவளுடைய தோட்ட நோட்டுப்புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள். "இதப் படிச்சுப் பாருங்க, ஹதாகேயாமா-சான்" என்றீர்கள். இருபது வருடத்துக்கு முந்தைய மே மாதம். "கொபுஷி நட்டோம். ஹதாகேயாமா நாடா வைத்து அளந்தார். அவர் மனைவி பாத்திரம் துலக்கும்போது நிமிர்ந்தால் நேராகத் தெரிய வேண்டுமாம். பூக்கும் வரை அவளிடம் மூச்சுவிடக் கூடாதாம்." பக்கத்திலேயே ஒரு சின்னப் படம், மரத்திலிருந்து என் ஜன்னலுக்கு ஒரு கோடு, கோட்டின்மேல் கென்சாகுவின் கோணல் எழுத்தில், 'கினுவே'.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அழுவேன் என்று நினைத்தீர்களோ என்னவோ.

எழுத்து அவருடையதுதான், சந்தேகமில்லை. நாற்பது வருடம் பார்த்த எழுத்து. அதனால்தான் கேட்கிறேன், ஐயா: என் புருஷனுடைய எழுத்துக்கு அவளுடைய நோட்டுப்புத்தகத்தில் என்ன வேலை?