நாலாம் மாடித் திரை

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் ஆஸ்பத்திரி காண்டீனில் கெளுத்தி மீன் பொரிப்பார்கள். சோளமாவில் புரட்டி, முறுமுறுவென்று எடுத்து, காகிதத் தட்டில் வைத்துத் தருவார்கள். பெரிய டாக்டர் முதல் தரை துடைக்கிறவர் வரை வரிசையில் நிற்பார்கள். மற்ற நாட்களில் இருபது நிமிடத்தில் சாப்பிட்டுத் திரும்புகிறவருக்கு வெள்ளிக்கிழமை நாற்பது நிமிடம் ஆகும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த நாற்பது நிமிடம் எங்கே போனாய் என்று என் பக்கத்து நாற்காலிக்காரன் ரோலண்டிடம் விசாரணையில் திரும்பத் திரும்பக் கேட்டீர்களாம். மீனுக்குத்தான் நின்றான். வேறு எங்கேயும் போகவில்லை.

என் பெயர் வெர்னெல் ஹாலிடே. வயது ஐம்பத்தேழு. ஷ்ரீவ்போர்ட்டில் பிறந்து ஷ்ரீவ்போர்ட்டிலேயே வாழ்பவள். பத்தொன்பது வருடமாக இந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறையில் உட்கார்ந்து அடுத்தவர்களின் இதயம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறேன். நோயாளியின் நெஞ்சில் பட்டன் பட்டனாக ஒட்டி, சட்டைப் பையில் ஒரு சின்னப் பெட்டியைப் போட்டுவிடுவார்கள். அது அனுப்புகிற துடிப்பு எங்கள் திரையில் பச்சைக் கோடாக ஓடும். ஒரு திரையில் முப்பத்திரண்டு பேர். முகம் தெரியாது, அறை எண்ணும் கோடும்தான் தெரியும். கோடு தப்பாக ஓடினால் மேலே நர்ஸுக்குப் போன் பண்ணுவோம். எங்கள் கை ஒரு நோயாளியையும் தொட்டதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அறையில் யாரும் இடையில் பெயரை மாற்றிப் போடுவதில்லை. காலையில் திரையைத் திறக்கிறவர் தன் பெயரைப் போட்டுத் திறப்பார், சாயங்காலம் ஏழு மணி வரை அந்தத் திரை அவர் பெயரிலேயே ஓடும். அவர் கழிப்பறைக்குப் போனால், சாப்பிடப் போனால், பக்கத்து நாற்காலிக்காரர் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். இது கூடாது என்று வருடா வருடம் ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறோம். போட்டுவிட்டு இதையேதான் செய்கிறோம். மூடித் திறக்க நாலு நிமிடம் ஆகும். நாலு நிமிடத்தில் ஒருவர் செத்துவிடலாம். நாங்கள் சோம்பேறித்தனத்தால் அப்படிச் செய்யவில்லை.

என் கணவர் லூஷியஸைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். வைரஸ் காய்ச்சல் ஒன்று வந்து இதயத்தைத் தொளதொளவென்று ஆக்கிவிட்டது. மருந்தால் ஓட்டிக்கொண்டிருந்தார். வேறு இதயம் வைத்தால்தான் பிழைப்பார் என்று டல்லஸில் ஒரு பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்திருந்தார்கள். பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்றால் இன்சூரன்ஸ் வேண்டும். இன்சூரன்ஸ் என் வேலையோடு வந்தது. அவர் இதையெல்லாம் நினைக்கிற ஆள் இல்லை. நான் வேலைக்குக் கிளம்பும்போது நாற்காலியில் சாய்ந்தபடியே சீண்டுவார்.

"ஊரான் இதயத்தையெல்லாம் உக்காந்து பாக்குற. கட்டுனவன் இதயம் ஓடுதா நின்னுச்சான்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

"பேசிக்கிட்டுதானே இருக்கீங்க, அப்ப ஓடுதுன்னுதான் அர்த்தம்."

இதுதான் எங்கள் காலை வணக்கம். பிறகு காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவேன். பயம் அப்படி.

பிப்ரவரியில் ஒரு கம்பெனி தன் மெஷினைக் கொண்டுவந்தது. திரையை அதுவே பார்க்கும், தப்பு நடந்தால் நர்ஸின் கைப்பேசிக்கு அதுவே செய்தி அனுப்பும், இடையில் எங்களைப் போன்றவர்கள் வேண்டாம். முப்பது நாள் சோதனை. ஐந்தாம் மாடி பழையபடி எங்கள் கையில். நாலாம் மாடி மெஷின் கையில். அந்த மாடியின் திரை எங்கள் அறையில்தான் இருந்தது. ரோலண்ட் அதன் முன் உட்கார்ந்து, மெஷின் என்ன சொல்கிறது என்று எழுதி மட்டும் வைக்க வேண்டும். போன் பண்ணக் கூடாது. முப்பது நாளில் அது ஒன்றையும் தவறவிடவில்லை என்றால் எங்கள் அறையை மூடிவிடுவார்கள். சக்கர நாற்காலி தள்ளுகிற வேலை தருவதாக மேலாளர் சொன்னார். பாதி நேர வேலை. இன்சூரன்ஸ் இருக்குமா என்று கேட்டேன். பாதி நேரத்துக்குக் கிடையாது என்றார். நல்ல மனிதர், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அந்த மெஷினை இருபத்தேழு நாள் கண் கொட்டாமல் பார்த்தேன். எங்காவது சறுக்கும் என்று காத்திருந்தேன். சறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எங்களைவிட நன்றாகவே பார்த்தது. சலிப்பு இல்லை, தலைவலி இல்லை, வீட்டில் யாரும் படுத்துக் கிடக்கவில்லை அதற்கு. ராத்திரி சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. சர்ச்சில் முழங்காலிட்டு, இந்த மெஷின் ஒரே ஒரு தடவை தவறட்டும் என்று கேட்டேன். அந்தப் பிரார்த்தனையில் ஒரு ஆள் சாக வேண்டியிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது, அது மிஸ்டர் பிக்கெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தே தோன்றியது.

லீமன் பிக்கெட். எழுபத்தோரு வயது. முதலில் ஐந்தாம் மாடியில், என் திரையில்தான் இருந்தார். இதயம் திடீரென்று சில நொடி நின்று நின்று ஓடும் ஆள். ஒரு புதன்கிழமை காலை அவர் கோடு மேடுபள்ளமே இல்லாமல் நீண்டுகொண்டே போனது. நான் போனை எடுத்த வேகத்தில் காபி கவிழ்ந்தது. நர்ஸ் ஓடிப்போய் நெஞ்சை அழுத்தி மீட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து அவர் மனைவி எர்மா, எங்கள் ஊர் மரியாதையில் மிஸ் எர்மா, எங்கள் அறையைத் தேடிக் கண்டுபிடித்து வந்தார். கையில் வெண்ணெய் கேக், இன்னும் சூடு ஆறவில்லை.

"எங்க வீட்டுக்காரரப் பாத்துக்கிட்டிருந்தது யாரும்மா?"

ரோலண்ட் என்னைக் காட்டினான். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது வருடத்தில் இந்த அறைக்கு நன்றி சொல்ல வந்த முதல் ஆள் அவர்தான். கேக் நன்றாக இருந்தது. ஒரு துண்டு லூஷியஸுக்குக் கொண்டுபோனேன்.

பேஸ்மேக்கர் வைத்திருந்தால் மிஸ்டர் பிக்கெட் இன்னும் பத்து வருடம் இருந்திருப்பார். ஆனால் சிறுநீரில் கிருமி இருந்தது, அது தீர வேண்டும் என்று தள்ளிப்போட்டார்கள். திங்கட்கிழமை வைப்பதாக முடிவானது. அதுவரை இருக்கட்டும் என்று அவரை நாலாம் மாடிக்கு, 414-ஆம் அறைக்கு மாற்றினார்கள். மெஷினின் கைக்குப் போனார்.

நான் ஏன் அவரைத் தேர்ந்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். ஆண்டியாக இருந்தாலும் அரசனாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான், நான் யாருடைய விரோதியும் இல்லை. நியாயமாக யோசித்துத்தான் செய்தேன். அந்தப் புதன்கிழமை நான் போனை எடுத்திராவிட்டால் அவர் அன்றைக்கே போயிருப்பார். அதற்குப் பிறகு அவர் மூச்சுவிட்ட ஒன்பது நாளும் நான் கொடுத்தது. வேறு யாரை எடுத்தாலும் அடுத்தவர் பொருளில் கை வைத்ததாக இருக்கும். இவரிடம் நான் கொடுத்ததைத்தான் திரும்ப வாங்கினேன்.

சோதனையின் இருபத்தெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை. மதியம் ஒரு மணிக்கு அவரை ஸ்கேன் எடுக்கக் கீழே கொண்டுபோனார்கள். நோயாளி வெளியே போனால் திரையில் 'வெளியே' என்று ஒரு பொத்தான் அமுக்குவோம். அதை அமுக்கினால் கோடு ஓடும், அலாரம் மட்டும் அடிக்காது. வண்டியில் தள்ளும்போது பட்டன்கள் ஆடி வீண் அலாரம் அடிக்கும் என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆள் திரும்பியதும் அதை எடுத்துவிட நாங்கள் சில சமயம் மறந்திருக்கிறோம். மெஷின் மறக்காது, ஆள் வந்துவிட்டதைத் தானாகத் தெரிந்துகொண்டு அலாரத்தைப் போட்டுக்கொள்ளும் என்பதுதான் கம்பெனிக்காரர்களின் பெரிய பெருமை.

ரோலண்ட் ஒன்று நாற்பதுக்கு மீன் சாப்பிடப் போனான். "உங்களுக்கு ஒரு துண்டு வாங்கியாரட்டுமா, மிஸ் வெர்னெல்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனான். வேண்டாம் என்றேன். ஒன்று நாற்பத்தாறுக்கு மிஸ்டர் பிக்கெட் அறைக்குத் திரும்பினார். கம்பெனிக்காரர்கள் சொன்னபடியே மெஷின் அலாரத்தைப் போட்டுக்கொண்டது. ரோலண்டின் திரை என் இடது கைக்கு எட்டும் தூரம். கையை நீட்டி 'வெளியே' பொத்தானை மறுபடி அமுக்கினேன். ஆள் மறுபடி வெளியே போகிறார் என்று மெஷின் எடுத்துக்கொண்டது, இன்னொரு தடவை அறைக்குள் நுழைவதைக் காணும்வரை அலாரத்தைப் போடாது. நான் செய்தது அவ்வளவுதான். ஒரு விரல், ஒரு தடவை.

அன்றைக்கே நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் காலையில் மூன்று தடவை அவர் கோடு தயங்கியதைப் பார்த்திருந்தேன். சாப்பிட்டுக் கண்ணயரும்போதுதான் அவருக்கு அது வரும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு மணி அடித்து இரண்டாவது நிமிடத்தில் அவர் இதயம் நின்றது. மிஸ் எர்மா கார் நிறுத்துமிடத்தில் பேரனிடம் போனில் பேசிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அறையில் யாரும் இல்லை. மேலே நர்ஸின் கைப்பேசி வாய் திறக்கவில்லை.

பதினோரு நிமிடம் கழித்துத்தான் போன் பண்ணினேன். ஏன் பதினொன்று என்பதற்கும் காரணம் உண்டு. இரண்டாவது நிமிடத்தில் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார், மெஷின் கொஞ்சம் தாமதித்தது என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். ஆறாவது நிமிடத்தில் கூப்பிட்டிருந்தால் பாதி ஆளாகத் திரும்பியிருப்பார். படுக்கையில் கிடத்தி, குழாயில் சோறு ஊற்றி, அந்த வயதில் மிஸ் எர்மா என்ன பாடு படுவார். கேக் சுட்டுக் கொடுத்த கைக்கு அந்தக் கஷ்டத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் நினைத்தபடியே நடந்தது. அலாரம் அடிக்காத மெஷின் என்று பெயராகிவிட்டது. திங்கட்கிழமை சோதனையை நிறுத்தினார்கள். அறையை மூடப்போவதில்லை என்று மேலாளர் வந்து சொன்னபோது ரோலண்ட் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். அன்று சாயங்காலம் லூஷியஸுக்கு நாலு துண்டு கெளுத்தி நானே பொரித்துக் கொடுத்தேன். உப்பு ஆகாது என்று தெரிந்தும் கொஞ்சம் போட்டேன்.

ஐந்து வாரம் கழித்து கம்பெனிக்காரர்கள் பொத்தான் அமுக்கிய பதிவைத் தோண்டி எடுத்தார்கள். ஒன்று நாற்பத்தேழு, ரோலண்ட் டூப்ரே. திரை அவன் பெயரில்தானே திறந்திருந்தது. அவனை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் நான் வேலை முடிந்து வரும்போது என் கார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சர்ச்சில் பதினெட்டு வருடமாக டீக்கனாக இருப்பவன், சட்டை கசங்கி நான் பார்த்ததில்லை. அன்று கசங்கியிருந்தது.

"மிஸ் வெர்னெல், நான்தான் அமுக்கிட்டேன் போலிருக்கு. எந்திரிக்கிற அவசரத்துல கை தானா போயிருக்கும். எப்ப எந்திரிச்சேன், எத அமுக்கினேன்னு ஞாபகமே இல்ல. ஒரு மனுசனக் கொன்னுட்டு வரிசையில நின்னு மீன் தின்னுருக்கேன்."

"நீ போனதுக்கப்புறம் நான் கவனிக்கலையே ரோலண்ட். எல்லாருக்கும் கை தவறும். மனசப் போட்டுக் குழப்பிக்காத."

என் முன்னாலேயே மிஸ்டர் பிக்கெட்டின் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணினான். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். ஆமென் சொன்னேன். டீக்கன் பொறுப்பை விட்டுவிடப் போவதாகச் சொன்னான். அவசரப்படாதே என்றுதான் சொன்னேன். லூஷியஸின் பெயர் பட்டியலில் மூன்றாவதாக ஏறியிருந்த நேரம் அது. அப்போது வாயைத் திறந்திருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும், மிஸ்டர் பிக்கெட் போனதும் சேர்த்துத்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆள் குறைவு என்று என்னைக் கூப்பிட்டார்கள், போனேன். கிளம்பும்போது லூஷியஸ் வழக்கம்போல் சீண்டினார். வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டு வந்தேன். ஏழே முக்காலுக்கு வீட்டுக்குத் திரும்பியபோது அதே நாற்காலியில் இருந்தார். கை சில்லென்று இருந்தது. காலை பத்து, பத்தரைக்கே போயிருக்கும் என்றார்கள். பத்து, பத்தரைக்கு நான் முப்பத்திரண்டு பேரின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஒன்றும் தப்பாக ஓடவில்லை, நல்ல நாள் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இனி யாருக்காக மறைப்பது. ரோலண்டை விட்டுவிடுங்கள், பொத்தானை அமுக்கியது நான்தான். போன் பண்ணாமல் இருந்ததும் நான்தான். இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று மிஸ் எர்மா ஏதோ கேட்டதாகச் சொன்னீர்களே, அவர் கணவர் கடைசியில் தனியாகவா போனார் என்று. இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். அந்தப் பதினோரு நிமிடமும் நான் அவர் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் லூஷியஸுக்கு அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் இல்லை. அந்த விதத்தில் மிஸ்டர் பிக்கெட் கொடுத்துவைத்தவர்.