பனிக்கட்டி மேசையில் ராஜாவின் தாடி

யெர்னெய்: ...இந்த மண்ணுக்கு ஆபத்து வரும் நாளில், பெட்சா மலையடியில் உறங்கும் மாத்யாஷ் மன்னனாகிய நான் விழித்தெழுவேன்! பகைவர் நடுங்க...

நேஷா: மகாராஜா, வசனம் போதும், கொஞ்சம் காலை நகர்த்து. தாடியைச் சுத்தணும்.

யெர்னெய்: எத்தனை சுத்து ஆச்சு?

நேஷா: ஆறு. மேசையை ஒன்பது சுத்து சுத்தினாத்தானே ராஜா எழுந்திருப்பார்? ஆடாம படு.

யெர்னெய்: வெளியே கூட்டம் எப்படி?

நேஷா: பள்ளத்தாக்கே வந்திருக்கு. இந்த வருஷ விழாவுல நம்ம பனிக்கோட்டைதான் பெருசுன்னு பேச்சு. உன் மாமியார் முன்வரிசையில, கம்பளி போத்திக்கிட்டு...

யெர்னெய்: இருக்கட்டும், நல்லாப் பார்க்கட்டும்! இருபது வருஷமா என்னைத் தூங்குமூஞ்சின்னு சொல்ற வாய். நான் எழுந்திருக்கிற அழகுல அது அடைச்சுப் போகணும்.

நேஷா: "மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி அவன் எழுந்திருக்க மாட்டானே, இப்பவே கொம்பு ஊதப் போறீங்களே"ன்னு கேட்டாங்க.

யெர்னெய்: சிரி, சிரி. ஊர்ல இத்தனை ஆம்பளைங்க இருக்க, உங்க விழாக் கமிட்டி என்னை ஏன் ராஜாவா எடுத்துச்சு? இந்தத் தாடி! நுனியில சுத்துறதுதான் கம்பளி நூல். மேல இருக்கிறது சொந்த வளர்ப்பு.

நேஷா: ஆமாமா. ஒரே மாசத்துல நெஞ்சு வரைக்கும்... நாங்களே அசந்துட்டோம்.

யெர்னெய்: ரத்தம் அப்படி.

நேஷா: அதென்ன சிவப்பா... ஐயோ, தாடியெல்லாம் வைன்!

யெர்னெய்: குளிருக்கு ஒரு வாய், சூடா... பாதி தாடிக்குப் போயிடுச்சு.

நேஷா: பனிக்கட்டி மேசை மேல ஈரத் தாடியோடவா படுத்திருக்கே? சரி... முதல் கொம்பு ஊதிட்டாங்க. தலையைத் தூக்கிப் பாரு.

யெர்னெய்: இரு... ம்ம்ப்...

நேஷா: தூக்குய்யா!

யெர்னெய்: வரலை.

நேஷா: என்ன வரலை?

யெர்னெய்: தாடி. மேசையோட உறைஞ்சு போச்சு. இழு... ஆ! மெதுவா!

நேஷா: ரெண்டாவது கொம்பும் ஆச்சு. மூணாவதுக்கு நீ வாளோட வெளியே நிக்கணும். இரு, கத்தரிக்கோல்...

யெர்னெய்: ராஜாவோட தாடியில இரும்பு படுறதாவது!

நேஷா: உன் மாமியார் பக்கத்துல இருக்கவங்ககிட்ட ஏதோ சொல்லிச் சிரிக்கிறாங்க.

யெர்னெய்: ஐயோ... வேணாம் நேஷா, வெட்டாதே. திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கணும்.

நேஷா: எதை?

யெர்னெய்: ...தாடியை. நாடகக்காரங்ககிட்ட இரவல் வாங்கினது.

நேஷா: தெரியும்.

யெர்னெய்: தெரியுமா?

நேஷா: போன வாரம் ரொட்டிக் கடைக்குக் கோணலா மாட்டிட்டு வந்தே. காதுல கொக்கி தெரிஞ்சுது. பாவம்னு எல்லாரும் ரொட்டியைப் பார்த்துக்கிட்டு நின்னோம்.

யெர்னெய்: எல்லாருமா...

நேஷா: கொக்கியைக் கழட்டு. தாடி இங்கயே தூங்கட்டும், நீ எழுந்து போ.

யெர்னெய்: மொட்டைத் தாடையோட ராஜாவா? ...சரி. போறேன். அப்போ தாடிக்காக என்னை எடுக்கலை. முகத்துல ஒரு கம்பீரத்தைப் பார்த்திருக்கீங்க. அப்படித்தானே? அத்தனை பேர் போட்டி போட்டும்...

நேஷா: மூணாவது கொம்பு. போ.

யெர்னெய்: சொல்லு, எத்தனை பேர் போட்டி?

நேஷா: ஒருத்தரும் வரலை. உன் மாமியார்தான் உன் பேரைக் கொடுத்தாங்க, நல்லாத் தூங்குவான்னு.