போனில் கேட்க வேண்டிய எஞ்சின்

நான் எழுதப் பழகாதவள். அடுத்தவர் பேச்சை எழுதுவதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். லிட்கம் போகும் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள்.

"தம்பி வில்லாவுட் குடிவரவுத் தடுப்பு முகாமிலை இருந்து போனிலை சொல்லச் சொல்ல, நான் வீட்டிலை காரின்ரை நட்டு முறுக்கிறன்," என்றார் ஒருவர்.

"உந்தக் கிழட்டு மஸ்டாங்குக்குப் போனிலை வைத்தியமோ?" என்று சிரித்தார் நண்பர்.

"புது எஞ்சின் வைச்சாச்சு, டிஸ்க் பிரேக்கும் பூட்டியாச்சு. ஸ்டார்ட் ஆகுதில்லை."

"வித்துத் துலையன், மச்சான்."

"அவன் ஆசைப்பட்டு வாங்கின கார். நாளைக்கு அவனை ஊருக்குத் திருப்பி அனுப்பப் போறாங்கள். போக முதல் ஒருக்கா அதின்ரை சத்தத்தைக் கேட்டாப் போதுமாம்."

நண்பர் பிறகு சிரிக்கவில்லை.

மறுநாள் மாலையும் அந்த அண்ணனை ரயிலில் கண்டேன். போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். மத்தியானம் எஞ்சின் ஸ்டார்ட் ஆனதாம். தம்பியைக் காலையிலேயே விமானத்தில் ஏற்றிவிட்டார்களாம்.