சுவருக்கு அந்தப் பக்கத்து வசனம்

சுவர் மெலிந்த வீட்டுக்கு வாடகை குறைவு, சார். நானும் அக்காவும் அந்த மூன்றாம் மாடிக்குக் குடிபோனதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் தும்மினால் எங்களுக்குக் கேட்கும். கரண்டி கைதவறி விழுந்தால் கேட்கும். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

என் தொழிலைக் கேட்டீர்கள். சினிமாவுக்கு வசனம் எழுதுகிறேன். அதற்கு முன்னால் இரண்டு நாவல்கள் எழுதினேன். அவை வெளியான விஷயம் எனக்கும் அச்சகத்துக்கும் மட்டும்தான் தெரியும். அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து வீட்டை ஓட்டினாள். ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. "உனக்குன்னு ஒரு நேரம் வரும்டா" என்பாள். தலை நரைக்கத் தொடங்கிய தம்பியிடம் அதையே அலுக்காமல் சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

நேரம் வரத்தான் செய்தது. ஓர் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். கணவன், மனைவி, ஒரு வீடு. படம் முழுக்க அவ்வளவுதான். நான் எழுதிக்கொண்டுபோன முதல் காட்சிகளைப் படித்துவிட்டுத் தாள்களை மேஜைமேல் வைத்தார். "எல்லாரும் மேடை ஏறிப் பேசற மாதிரியே பேசறாங்களேய்யா. ஒருத்தராவது வீட்ல பேசற மாதிரி பேசக்கூடாதா?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். எனக்குக் கற்பனை வராது. காதில் விழுந்ததை எழுதுவேன். காதில் விழாததை எழுத உட்கார்ந்தால் கை மரத்துப்போகும்.

அன்று மாலை வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பக்கத்து வீட்டுப் பேச்சைக் கவனித்துக் கேட்டேன். அவன் வேன் ஓட்டுகிறவன். அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். மாடிப்படியில் பார்த்தால் "என்னண்ணா, சாப்டாச்சா?" என்று கேட்காமல் போகமாட்டாள். ஒருமுறை அக்கா ஊரில் இல்லாதபோது நான் காய்ச்சலில் கிடந்தேன். வெந்நீர் வைத்துக் கொடுத்து, மாத்திரையும் வாங்கி வந்து தந்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அவன் குடிக்கிறவன் இல்லை. கத்துகிறவனும் இல்லை. கத்தியிருந்தால் அந்தக் கட்டடத்தில் யாராவது ஏதாவது செய்திருப்பார்கள். அடித்த பிறகு குழந்தையிடம் பேசுவதுபோலக் கேட்பான்.

"உன்ன யாரு அடிச்சா? நீயாதானே வந்து மோதின?"

"ஆமா. நானாதான் மோதிட்டேன்."

"அப்ப எதுக்கு அழுவற?"

எழுதிக்கொண்டேன். மறுநாள் இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார். "இத எங்கேருந்துய்யா புடிச்ச?" என்றார். "யோசிச்சேன்" என்றேன். அவர் தன் கையாலேயே எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதுவரை அந்த அலுவலகத்தில் நான் நின்றுகொண்டுதான் பேசியிருக்கிறேன். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம்.

மேஜையைச் சுவரோரம் நகர்த்தினேன். அக்காவுக்கு அந்தச் சத்தம் தாங்காது. ஆரம்பத்தில் எழுந்துபோய்ச் சுவரில் ஓங்கித் தட்டுவாள். உடனே அந்தப் பக்கம் அடங்கிவிடும். அடங்கிவிட்டால் நான் என்ன எழுதுவது? "அடுத்தவங்க குடும்ப விஷயம்க்கா. நாம தலையிட்டா அவளுக்குத்தான் இன்னும் நாலு அடி விழும்" என்றேன். நியாயமான பேச்சுதானே. போலீஸுக்குச் சொல்லலாம் என்றாள். "அவளா வந்து கேக்கட்டும். கேட்டா கண்டிப்பா செய்யலாம்" என்றேன். அக்கா தன் படுக்கையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ரகம் அவள்.

அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்ணே வந்து கேட்டாள். கையில் ஒரு பை வைத்திருந்தாள். "அண்ணா, இது உங்க வீட்ல இருக்கட்டும். வியாழக்கிழமை அவரு வெளியூர் லோடு போறாரு. நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். இனிமே வரமாட்டேன்" என்றாள். வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். எனக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது, சார். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இடைஞ்சல் எல்லாம் படத்தால் வந்ததுதான். கதாநாயகி சொல்லாமல் நழுவிப்போவதை இயக்குநர் ஏற்கவில்லை. "அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு நாலு வார்த்தை கேட்டுட்டுப் போகணும்யா. அந்த சீன் இல்லன்னா படமே இல்ல. இந்த வாரத்துக்குள்ள குடு. முடியலன்னா சொல்லிடு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாம் மறுபடி மேடையேறிவிட்டது. அப்படிப்பட்ட பெண், அப்படிப்பட்ட கணவனிடம் நேருக்கு நேர் நின்று என்ன கேட்பாள்? எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அவள் இதுவரை கேட்டதே இல்லை. வியாழக்கிழமை சத்தமில்லாமல் கிளம்பிவிட்டால், பிறகு ஒருநாளும் கேட்கப் போவதில்லை.

புதன்கிழமை காலை அவன் கீழே வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். போகிற போக்கில் சொன்னேன்: "தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பறாங்க போல? பை எங்க வீட்லதான் பத்திரமா இருக்கு."

அவன் துணியைப் பிழிந்து உதறினான். சிரித்தான். "ஆமா சார், நான்தான் போயிட்டு வரச் சொன்னேன்" என்றான். அவன் அப்படிச் சொன்னபிறகு நான் எதற்குச் சந்தேகப்பட வேண்டும்? நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

மத்தியானம் அவன் திரும்பி வந்தான். அக்கா கடையில் இருந்தாள். நான் மேஜையில் இருந்தேன். முதலில் நீங்கள் விசாரித்தபோது இயக்குநர் அலுவலகத்தில் இருந்ததாகச் சொன்னேன், மன்னிக்க வேண்டும்.

அவள் கேட்டாள், சார். கடைசியில் அவன் முகத்துக்கு நேராக நின்று கேட்டாள். திக்கவில்லை, அழவில்லை. இத்தனை வருஷமாக உள்ளேயே வைத்திருந்தது வரிசை தப்பாமல் வந்தது. என் பேனாவால் அவள் வேகத்துக்கு ஓட முடியவில்லை. அப்புறம் அவர்கள் வீட்டுக் கதவு திறந்தது. சத்தம் வெளியே வந்தது. எங்கள் கதவுக்கு வந்தது.

எழுதும்போது தாழ் போட்டுக்கொள்வது என் வழக்கம். அன்றைக்கென்று போட்டதல்ல. போட்டிருந்ததை எடுக்கவில்லை, அவ்வளவுதான். எழுந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். கை எழுதிக்கொண்டிருந்தது. பாதியில் விட்ட வாக்கியம் திரும்ப வராது. இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். பிறகு மாடிப்படியில் சத்தம் கேட்டது. நாங்கள் மூன்றாவது மாடி.

அவள் காரியம் முடிந்தபிறகு பையை நானே கொண்டுபோய் அவள் தங்கையிடம் சேர்த்தேன். அந்தப் பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தி அக்கா நிறைய சொல்லியிருக்கா" என்றாள். நான் அழுதேன். நடிப்பில்லை.

படம் நன்றாகப் போனது. அந்தக் காட்சியில் தியேட்டரே மூச்சுவிடவில்லை என்றார்கள். அக்கா கடைத் தோழிகளோடு பார்க்கப் போனவள், படம் முடியும் முன்பே தனியாகத் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அன்னிக்கு நீ வீட்ல இருந்தியா?"

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பதில் எழுதித் தருகிறவன் நான். எனக்குக் கிடைத்தது ஒரு சொல்தான். "இருந்தேன்" என்றேன்.

"நம்ம கதவைத்தானேடா தட்டினா."

செருப்போடு உள்ளே வந்தாள். ஆணியில் மாட்டியிருந்த என் சட்டையை எடுத்துத் தந்தாள். "போட்டுக்கோ. போலாம்." வெளியே உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. யாரிடமாவது சொல்லி ஏதாவது வாங்கித் தாருங்கள்.

கையெழுத்துப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இப்போது வாசித்துக் காட்டினீர்களே, அதில் ஓரிடத்தை மட்டும் திருத்த வேண்டும். 'கதவைத் திறக்குமாறு கூச்சலிட்டார்' என்று இருக்கிறது. அது தப்பு. அவள் கூச்சலிடவில்லை. கதவோடு வாயை வைத்து, மெதுவாகத்தான் சொன்னாள்: "அண்ணா, நீங்க உள்ளதான் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்ணா."

படத்திலும் அப்படியேதான் இருக்கிறது. ஓர் எழுத்துகூட நான் மாற்றவில்லை, சார்.