மாப்பிள்ளைக்குப் பின்னின துணி

...அந்தப் பட்டனை இன்னொரு தடவை அழுத்தாதேம்மா. அழுத்தினா மட்டும் நகந்துடுமா என்ன? இந்த லிஃப்டு மனசிருந்தா மேல போகும், இல்லைன்னா இப்படி ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்கும். பையைக் கீழ வை, கை வலிக்கும். உள்ள முட்டை இருக்கா? அப்ப மெதுவா வை.

நீதானே எங்க வீட்டுக்கு நேர் கீழ புதுசா குடிவந்திருக்கிற பொண்ணு? அதான் நினைச்சேன். தலைக்கு மேல நாற்காலி இழுக்குற சத்தம் கேட்டிருக்குமே. அது நான் இல்ல, எங்க வீட்டுக்காரரு. பேப்பர் படிக்க வெளிச்சம் தேடி வீடு பூரா நாற்காலியை இழுத்துக்கிட்டே திரிவாரு. அதுக்குத்தான் இதைப் பின்னிக்கிட்டிருக்கேன், பாரு. நாற்காலிக் காலுக்குச் சாக்ஸ். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ, எம்பொண்ணும் சிரிச்சா. மூணு கால் முடிஞ்சுது, இது நாலாவது. சும்மா நிக்கிற நேரத்துக்கு ரெண்டு சுத்து பின்னினா ஆச்சு.

நாலும் நாலு கலர்ல இருக்கேன்னு பாக்குறியா? எல்லாம் மிச்ச நூலும்மா. என் நாத்தனார் குழந்தைங்களுக்குச் சட்டை பின்னி விக்கிறவ. நூல் சுத்துற கோன் அடியில மிச்சம் நின்னுபோறதை எல்லாம் பையில கட்டி எனக்கு அனுப்பிடுவா. நல்ல பருத்தி நூல், தூக்கிப் போட மனசு வருமா? ஆனா ஒரு கலர் கூட முழுசா ஒரு சாமானுக்குப் பத்தாது. எங்க வீட்டுக்காரருக்குத் தொப்பி பின்னினேன், உச்சிக்கு வர்றப்போ நூல் தீந்துபோச்சு. மண்டைக்குக் காத்து வேணும்னு அப்படி விட்டிருக்கேன்னு சொல்லிட்டேன். அந்த மனுஷனும் நம்பிப் போட்டுக்கிட்டுத் திரியுறாரு.

சோப்பு வைக்கிற பை, சூடான பாத்திரம் இறக்குற துணி, தண்ணி பாட்டிலுக்கு உறை... எங்க வீட்டுல நகராத எதுக்கும் சட்டை உண்டு.

பயப்படாதே. நீ மணி அடிச்சது கீழ கேட்டிருக்கும், வந்துடுவாரு. மெக்கானிக் வேற யாரும் இல்ல, எங்க மாப்பிள்ளைதான். தரைத்தளத்து வீட்டுல எம்பொண்ணோட இருக்காரே, அவரு. வேலையில கெட்டிக்காரரு, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனா நான் அவர்கிட்டப் பேசறதில்ல.

ஏன்னு கேக்க மாட்டியா? சரி, நானே சொல்றேன்.

அவங்க தனிக்குடித்தனம் வந்தப்போ எம்பொண்ணு சமையல்கட்டுக்கு ஒரு துணி பின்னினேன். சாதாரணத் துணி இல்ல. நீலமும் மஞ்சளுமா கட்டம் கட்டமா, ஓரத்துல வெள்ளைக் கரை. நூல் பத்தாம ரெண்டு தடவை பிரிச்சுப் பிரிச்சுப் போட்டது. கண்ணு வலிக்க வலிக்க உக்காந்து முடிச்சு, மடிச்சு, கையில குடுத்தேன். அடுத்த வாரம் கடைக்குப் போகலாம்னு கீழ இறங்கினா, இதே லிஃப்டு கதவு தொறந்து கெடக்குது. அவரு முட்டி போட்டு உக்காந்து என்னவோ பண்ணிக்கிட்டிருக்காரு. கையில என்னன்னு நினைக்கிறே? என் துணி. அதை வச்சுக் கிரீஸ் துடைக்கிறாரு. நீலம் எது, மஞ்சள் எதுன்னு தெரியல.

"என்ன மாப்பிள்ளை இது"ன்னேன். அந்த மனுஷன் நிமிந்து பாத்து, முகமெல்லாம் சிரிப்பா, "சூப்பர் துணி அத்தை, அப்படியே உறிஞ்சுது, இன்னும் ரெண்டு குடுங்களேன்" அப்படிங்கிறாரு.

அன்னிக்கு மூடின வாய்தான்.

எம்பொண்ணு சொல்றா, அவரு பாராட்டித்தான் சொன்னாராம். எங்க வீட்டுக்காரரு சொல்றாரு, துடைக்கத் துணி குடுத்தே, துடைச்சாரு, இதுல என்ன வழக்குன்னு. நீயே சொல்லு, அடுப்பைத் துடைக்கிறதும் கிரீஸைத் துடைக்கிறதும் ஒண்ணா? போன மாசம் சாப்பிட வந்தாங்க. எம்பொண்ணு கை கழுவப் போயிட்டா. மேசையில நானும் அவரும் மட்டும். தண்ணி சொம்பு அவரு பக்கத்துல இருக்கு. நான் என்ன பண்ணினேன், ஃபேனைப் பாத்து "யாராவது தண்ணி குடுத்தா நல்லாயிருக்கும்"னு சொன்னேன். குடுத்தாரு. அவருக்குக் கோவமே வராது, அதான் எனக்கு இன்னும் கோவம்.

உஷ்... கேக்குதா? அவரு குரல்தான். "உள்ள யாரு"ங்கிறாரு. நீ சொல்லு. நானும் இருக்கேன்னு சொல்லு... "அத்தைக்குக் காத்து வருதா"ன்னு கேக்குறாரா? வருதுன்னு சொல்லு. நான் இங்கதான் நிக்கிறேன், எனக்கும் காது கேக்குதுன்னு அவருக்குத் தெரியும். இருந்தாலும் நீ சொல்லு. நீ சொல்றதுதான் முறை.

கூட இன்னொரு குரல் கேக்குதே, அது செகரட்டரி. குடியிருப்புச் சங்கத்துக்கு. வந்துட்டாரா அந்தப் புண்ணியவானும். என்ன சொல்றாரு பாரு... "மாசத்துக்கு மாசம் லிஃப்டு நின்னா எப்படி, ஒப்பந்தத்தை வேற ஆளுக்கு மாத்திட வேண்டியதுதான்"னு. அவரு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருக்காரு. தன் மச்சான் மகனைக் கொண்டுவரப் பாக்குறாரு, எனக்குத் தெரியாதா? இந்த வேலை போனா அந்தத் தரைத்தளத்து வீடும் போச்சும்மா. வேலைக்குன்னு குடுத்த வீடு. எம்பொண்ணு வேற முழுகாம இருக்கா.

நான் பேசறதில்லைதான். அதுக்காக மாப்பிள்ளையை ஊரான் ஒரு வார்த்தை சொன்னா கேட்டுக்கிட்டு நிக்க முடியுமா? ஒருத்தரைத் திட்டுறதுக்கும் ஒரு உரிமை வேணும்.

இரு, இந்த நூல் வரமாட்டேங்குது. பைக்குள்ள சிக்கிக்கிச்சு போல. இழுத்தா... என்னம்மா, ஏன் கதவைக் காட்டுறே?

ஐயையோ.

கதவிடுக்குல போகுதே நூலு. பந்து... பந்து பையில இல்லையே. கீழ லிஃப்டுக்காகக் காத்திருந்தப்போ பெஞ்சுல உக்காந்து பின்னினேன். நீ கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறியேன்னு அவசரமா அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடி வந்தேன். பந்து அங்கேயே உருண்டிருக்கு, அதோட நூலை இழுத்துக்கிட்டே மேல வந்திருக்கோம். அதுதான் கீழ எதுலயோ போய்ச் சுத்தி...

கத்திரிக்கோல் வச்சிருக்கியா? பல்லால கடிச்சும் அறுபட மாட்டேங்குது. நல்ல நூல்னு சொன்னேனே, அது இப்போ வினையாப் போச்சு. நகருது... நகருது. இறக்குறாங்க. நீ ஒண்ணும் பேசாதேம்மா.

. . .

மெதுவா ஏறு, படி வழுக்கும். மூச்சு வாங்குது எனக்கு. ஒரு நிமிஷம் இந்தத் திருப்பத்துல நின்னுட்டுப் போலாம்.

நீ பாத்தியா? கதவு தொறந்ததும் அவரு கையில என் பந்து. பந்தா அது, காக்காக் கூடு மாதிரி ஆயிருக்கு. கீழ்க் கதவோட பூட்டுக்குள்ள போய்ச் சுத்திக்கிட்டிருந்துச்சாம். என்னைப் பாத்தாரு, நூலைப் பாத்தாரு, அப்படியே பின்னாடி பாக்கெட்டுல திணிச்சுக்கிட்டாரு. செகரட்டரி "என்னய்யா கோளாறு"ன்னு கேட்டதுக்கு, "தூசி சார், நேத்தே துடைச்சிருக்கணும், என் தப்புதான்"னு சொல்றாரு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, இந்த அம்மா பண்ணின வேலைன்னு? இவ்வளவு நாள் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருந்த மாமியாருக்கு நல்லா வேணும்னு விட்டிருக்கலாம்ல?

அதான் என்னால பொறுக்க முடியல. நான் கத்தினேன்னு நீ நினைச்சுக்காதே, என் குரலே அப்படித்தான். "தூசியும் இல்ல, துரும்பும் இல்ல, என் நூலுதான் காரணம். சங்கத்துல எழுதிக்கணும்னா என் பேரை எழுதிக்கங்க, அவரு பேரை எடுத்தீங்கன்னா அடுத்த கூட்டத்துல உங்க மச்சான் மகன் கதையை நானே சொல்றேன்"னேன். செகரட்டரி போன வேகத்தைப் பாத்தே இல்ல. லிஃப்டு கூட அவ்வளவு வேகமா போனதில்ல.

ஆனா மாப்பிள்ளைகிட்ட ஒண்ணும் சொல்லல. எப்படிச் சொல்றது? திடீர்னு என்னன்னு ஆரம்பிக்கிறது?

இந்தக் கைப்பிடிக்கு மேல எட்டிப் பாரு. உக்காந்திருக்காரு, படியில. அந்தப் பந்தை மடியில வச்சுக்கிட்டுச் சிக்கு எடுக்குறாரு, பாவம். ஐயோ, நடுவுலேர்ந்து இழுக்குறாரே. முனையைத் தேடாம நடுவுல கை வச்சா அது இன்னும் இறுகிப் போயிடுமே. யாராவது சொல்லுங்களேன்...

மாப்பிள்ளை. மாப்பிள்ளை, இழுக்காதீங்க. அப்படியே வைங்க, நான் இதோ வரேன்.

என்ன சிரிக்கிறே? ஆமா, நான்தான் கூப்பிட்டேன். நீ மேல போம்மா, முட்டை பத்திரம். எனக்குக் கீழ வேலை இருக்கு.