தவிட்டுக்கு விற்ற தர்மனின் பதவி உயர்வு

அக்கிராசனம் வகிக்கும் பெருந்தகை வேணுகோபால் அவர்களே, கீழப்பழுவூர்ப் பெரியோர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே, இவ்வழக்கறிஞனின் பணிவான வணக்கம்.

அஞ்சியே பேச வந்திருக்கிறேன். யுத்தத்துக்கு அஞ்சுகிறேன், அதனினும் மேலாக ஒரு காகிதத்துக்கு அஞ்சுகிறேன்.

நம்மூர்த் தர்மன் கடற்படையில் சேர்ந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. தளம் கழுவினான், பீரங்கி துடைத்தான், விளக்கொளியால் செய்தி பேசக் கற்றான். கடல் கொந்தளித்தபோதும் காவல் தவறவில்லை. நன்னடத்தைப் பட்டை பெற்றான், பரீட்சையில் தேறினான். பத்து மாலுமிகளை நடத்தும் 'லீடிங் சீமன்' பதவிக்குக் கப்பல் தலைவரே பரிந்துரைத்தார். யார் தயவால்? எவர் தயவாலும் அன்று, உழைப்பால்.

அப்பதவி இன்று அந்தரத்தில் நிற்கிறது. ஏன்? படையில் சேர்ந்த நாளில் தகப்பன் பெயர் கேட்டார்கள், 'செல்லக்கண்ணு' என்றான். இப்போது சரிபார்த்த கிராமப் பதிவிலோ, பெற்ற தகப்பனான 'அரியமுத்து'வின் பெயர் இருக்கிறது.

பின்னால் ஒருவர், "தவுட்டுப் புள்ளைங்க அவன், ஊருக்கே தெரியுமே" என்கிறார். ஆம் ஐயா, ஊருக்குத் தெரியும், கப்பலுக்குத் தெரியுமா? மூன்று மக்களை மண்ணுக்குக் கொடுத்த ஆண்டாயி அம்மாள், நான்காவதை எமன் கண்ணிலிருந்து மறைக்க, ஒரு முறம் தவிட்டுக்குக் கொளஞ்சியம்மாளிடம் விற்றார். பாலூட்டியவர் ஆண்டாயி, 'எங்கள் பிள்ளை' என்று சொல்லி வந்தவர்கள் கொளஞ்சியம்மாளும் அவர் கணவர் செல்லக்கண்ணுவும். தர்மன் சொன்னது பொய் என்று சொல்லமாட்டேன். பொய்யெனக் கருதப்படக்கூடும் என்கிறேன். கருதப்பட்டால் பதவி போகும்; விசாரணை வரும்; சிறையும் வரலாம்.

'இவன் நான் பெற்ற பிள்ளை, தவிட்டுக்கு விற்றதால் இரண்டு தகப்பன் பெயர்' என்று பெற்றவள் பிரமாணப் பத்திரத்தில் ரேகை வைத்தால் தீரும். நேற்று அவர் வீட்டுக்குப் போனேன்.

"வக்கீலய்யா, எம்புள்ளன்னு நான் வாயத் தொறந்தா எமனுக்குக் காது கேக்கும்ங்க. அவன் தண்ணி மேல கெடக்கான்."

அருகிலிருந்த கொளஞ்சியம்மாள் அதட்டினார்: "ஏண்டி, வாங்கினவ நானே வுட்டுத் தரேங்கறேன். வித்தவ நீ பயப்படறியே. தவுட்டத் திருப்பிக் கேப்பேன்னா?"

ஆண்டாயி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பேன்? ரேகை வைத்த வாரமே தந்தி வந்தால், எந்தச் சட்டப் புத்தகத்தை விரித்து அவருக்கு ஆறுதல் சொல்வேன்?

ஆகவே ஊரை வேண்டுகிறேன். இவ்வழக்கம் நம் வழக்கம். இவ்வச்சமும் நம் அச்சமாகட்டும். இரண்டு சாட்சி போதும் என்பார்கள். போதாது என்கிறேன் நான். நீங்கள் நாற்பது பேர் முதலில் ஒப்பமிடுங்கள்; அந்தத் தாயின் ரேகை கடைசியில் விழட்டும். தேடி வருபவன் எமனே ஆனாலும், முதலில் நம் பெயர்களைப் படிக்கட்டும். முதற்பெயர் என்னுடையது, இதோ இட்டுவிட்டேன்.

வழி விடுங்கள், ஆண்டாயி அம்மாள் வருகிறார். "கட்டவெரலத் தரேங்க. வாயால மட்டும் சொல்லச் சொல்லாதீங்க" என்கிறார். தாயே, சொல்லச் சொல்லமாட்டேன். சொல்லும்படி உங்களை வற்புறுத்த எவரையும் விடவும் மாட்டேன்.

எழுதத் தெரிந்தோர் பேனாவுக்கும், தெரியாதோர் ரேகை வைக்கும் மைப்பெட்டிக்கும் வரிசையில் வாருங்கள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. கடல்மேல் இருப்பவனுக்கும் சேர்த்து, வணக்கம்.