மான்கறி ரொட்டியும் வெள்ளைத் தொப்பியும்

அறுவடை விருந்தின் அவைத் தலைவர், ஹாரோமியர் ஊரின் தலைவர் ஆஸ்பெர்ட் அவர்களே! கையில் ஜெபமாலையும் கண்ணில் வாத்து வறுவலுமாகக் காத்திருக்கும் பங்குத் தந்தை அவர்களே! பெரியோர்களே! மடியில் பிள்ளையையும் வயிற்றில் பசியையும் ஒருசேரத் தாலாட்டும் தாய்மார்களே! "இவரப் பேச விட்டா வாத்து மறுபடியும் முட்டை போட்ரும்" என்று முதல் வரிசையில் முணுமுணுக்கும் என் மனைவி சபீனா அவர்களே! பக்கத்து ஊரில் கூரை வேயும் ஹேமோவின் பணிவான வணக்கம்!

இந்த ஓக் மரங்களை அண்ணாந்து பாருங்கள். உங்கள் பன்றிகள் கொழுப்பது இந்தக் காட்டில். உங்கள் அடுப்பு எரிவது இந்தக் காட்டால். இருபது ஆண்டுகளுக்கு முன் இந்தக் காடு போக இருந்ததே, மறந்துவிட்டீர்களா? அதைக் காத்தவர் சர் வாரின் தெர்ல்பி. காவு கொடுக்கப் பார்த்தவன்... பொறுங்கள், பொறுங்கள், எல்லோரும் ஏன் என்னையே இப்படி விரல் நீட்டிக் காட்டுகிறீர்கள்?

யார் இந்த சர் வாரின்? வாளேந்திய வீரர், வாதாடிய வழக்கறிஞர், வேந்தரின் ஊழியர்! ஸ்காட்லாந்து எல்லையில் தொடையில் அம்பு வாங்கினார். அதன் பிறகு குதிரை மேல் ஏற நான்கு பேர் தூக்கிவிட வேண்டும், இறங்க மட்டும் யாரும் வேண்டாம், தானே விழுந்துவிடுவார். சண்டைக்கு உதவாத கால் சட்டத்துக்கு உதவும் என்று லண்டனுக்குப் போனார். படித்தார், படித்தார், பத்தாண்டு படித்தார்! மூத்த வழக்கறிஞருக்கு உரிய வெள்ளைத் துணித் தொப்பியைத் தலையில் கட்டினார்கள். அரசரே எதிரில் வந்தாலும் கழற்ற வேண்டாத தொப்பி அது. பிறகு அதே அரசர் அவரை நீதிபதியாக்கி ஊர் ஊராக அனுப்பினார்.

அப்போதுதான் அரசரின் வன அதிகாரி ஃபுல்க், "இது பூரா ராஜாவோட காடு, ஒரு பன்னி உள்ள வரக்கூடாது" என்று வழக்குப் போட்டான். விசாரிக்க வந்த நீதிபதி சர் வாரின். தீர்ப்புச் சொல்ல அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து பன்னிரண்டு பேரைப் பிடித்தார்கள். அதில் நானும் ஒருவன். வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரே முடிவுக்கு வரும்வரை சோறில்லை, தண்ணீரில்லை, குளிர்காய நெருப்பில்லை. மணிக்கூண்டுக்குக் கீழே அடைத்தார்கள்.

அடைக்கும் முன் ஃபுல்க் என் தோளில் கை போட்டான். என் மேலங்கிக்குள் ஏதோ சூடாக விழுந்தது. "தின்னுட்டுத் தெம்பா ராஜா பக்கம் நில்லு மாப்ள" என்றான். நல்லவன் என்ன செய்திருப்பான்? தூக்கி எறிந்திருப்பான். நான் என்ன செய்தேன்? தூணுக்குப் பின்னால் போய்த் தின்றேன்! ஆமாம் தாயே, சிரியுங்கள். முழுசாகத் தின்றேன். தின்றுவிட்டு, மற்ற பதினொருவரோடும் சேர்ந்து, காடு ஊருக்கே சொந்தம் என்றேன்.

தீர்ப்பைச் சொன்னதும் ஊரே ஆர்ப்பரித்தது. ஃபுல்க் என் தாடியைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, இங்க பாருங்க, ரொட்டித் துணுக்கு! இவன் தின்னுருக்கான்! இந்த ஊர்ப் பொம்பளைங்கதான் குடுத்துருக்காளுங்க! தீர்ப்பு செல்லாது!"

சர் வாரின் மெல்லச் சொன்னார். "ஜெயிச்ச பக்கத்துச் சோத்தத் தின்னுருந்தா தீர்ப்பு செல்லாது. அதுதான் சட்டம். ஹேமோ, யார் வீட்டுச் சோறுப்பா அது?"

சபையோரே, மனதுக்குள் கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால் கைக்கூலி வாங்கியவன் என்று எனக்குச் சிறை. சொல்லாவிட்டால் உங்களுக்குக் காடு இல்லை. கூட்டத்தில் சபீனா நின்றாள். "சொல்லித் தொலைங்க, நான் காத்துட்டு இருப்பேன்" என்றாள்.

"ஃபுல்க் ஐயா குடுத்ததுங்க. மான்கறி வெச்ச ரொட்டிங்க" என்றேன்.

"பொய்!" என்று துள்ளினான் ஃபுல்க். "இவன் மூஞ்சிக்கு மான்கறியா? அதுவும் மிளகும் திராட்சையும் போட்டு!"

சர் வாரின் தொப்பிக்குள் விரலை விட்டுத் தலையைச் சொறிந்தார். "மிளகு, திராட்சையெல்லாம் அவன் சொல்லவே இல்லையே ஃபுல்க்கு? ராஜா வீட்டு மானு எப்படிய்யா ரொட்டிக்குள்ள போச்சு? நானும் ராஜாவோட ஆளுதான், கேக்கணும்ல?"

"நான் ராஜாகிட்டயே போறேன்!"

"தாராளமா போ. நானும் வரேன். அங்கயும் இந்தத் தொப்பியக் கழட்ட மாட்டேன்."

அரசரின் உப்பைத் தின்றவர்தான் அவர். அரசரின் பெயரால் திருட விடாததே அந்த உப்புக்கு அவர் காட்டிய விசுவாசம்! தோற்ற பக்கத்துச் சோற்றைத் தின்றவனின் தீர்ப்பு செல்லும் என்றார். காடு நின்றது. ஃபுல்க் பதவி இழந்தான். எனக்கு? "சிறைக்குப் போனா கூரை யாரு வேயறது? வருஷா வருஷம் இந்த ஊர் அறுவடை விருந்துல, எல்லார் முன்னாடியும் இந்தக் கதையச் சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு வாய் திங்கக்கூடாது!" என்றார்.

அதனால்தான் இருபது ஆண்டாகப் பசியோடு மேடையேறுகிறேன். கடந்த குளிர்காலத்தில் சர் வாரின் கண்ணை மூடினார். இன்று காலை ஆஸ்பெர்ட் என்னிடம் வந்து, "தண்டன குடுத்தவரே போய்ட்டாருப்பா. இனி நீ விடுதலை. முதல் பந்தியில உக்காந்து சாப்பிடு" என்றார். உட்கார்ந்தேன். வாத்து எதிரில் வந்தது. என்னால் கை வைக்க முடியவில்லை. அவர் இல்லாத முதல் விருந்து இது.

எழுந்து வந்துவிட்டேன். இந்த ஆண்டு என்னைப் பேசச் சொல்லி யாரும் தண்டிக்கவில்லை. அரசர் முன்னும் தொப்பி கழற்றாத மனிதருக்காக, இதோ, என் தொப்பியைக் கழற்றுகிறேன். சொட்டைத் தலையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், அவரும் சிரித்திருப்பார்.

தலைவருக்கு நன்றி, தந்தைக்கு நன்றி, தாய்மார்களுக்கு நன்றி. எடுங்கள் வாத்தை, ஊற்றுங்கள் பீரை! யார் வீட்டுச் சோறு என்று அவர் இப்போது கேட்டால், கூசாமல் சொல்வேன்: நம் வீட்டுச் சோறு ஐயா. வணக்கம்!